ஞாயிறு பள்ளியில் ஒரு வசூல் பாடம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் தசமபாகம் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தப் பழமொழி வராமல் போகாது. பின்னாலேயே நீதிமொழிகள் 22:6 வரும். அடுத்த ஞாயிறு கரும்பலகையில் பத்து வட்டம் போடுவார்கள். ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாக்பீஸ். "பத்து ரூபாய் கையில் வந்தால் ஒரு ரூபாய் யாருக்கு?" "இயேசப்பாவுக்கு!" "கொடுத்தால் இயேசப்பா என்ன செய்வார்?" "நிறையத் திருப்பித் தருவார்!" பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். பாடம் முடிந்தது. காணிக்கைப் பை சுற்றி வரும்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள்தான் சபையில் அதிகம். சி.எஸ்.ஐ.யில் கொஞ்சம் அடக்கமாகவும் சுயாதீன சபைகளில் கொஞ்சம் சத்தமாகவும் இதே பாடம்தான் நடக்கிறது. சிறுவயதில் பத்தில் ஒன்று கொடுத்துப் பழகிய பிள்ளை, வளர்ந்து சம்பளம் வாங்கும்போது கை நடுங்காமல் கொடுப்பான். அவனும் ஆசீர்வாதம் பெறுவான், சபையும் தழைக்கும் என்பது வாதம். இதைச் சொல்கிறவர்களில் பலர் நல்லவர்கள். சொந்தக் காசில் சார்ட் பேப்பரும் மிட்டாயும் வாங்கிவந்து, வெயிலில் அலைந்து பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்கிறவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் சபை கொடுத்திருக்கும் பாடம் தவறு. வேதத்தை வைத்துப் பார்த்தாலும் தவறு, பிள்ளையின் மனதை வைத்துப் பார்த்தாலும் தவறு. கொடுக்கச் சொல்லித்தருகிறோம் என்ற பெயரில், வரி கட்டவும் லாபம் எதிர்பார்க்கவும் சொல்லித்தருகிறோம்.

முதலில் மல்கியா. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிற 3:10 தெரியாத ஞாயிறு பள்ளிப் பிள்ளை கிடையாது. மனப்பாட வசனப் போட்டியில் தவறாமல் வருவது. அதற்கு ஐந்து வசனம் முன்னால் 3:5 இருக்கிறது. அதை எந்தப் போட்டியிலும் நான் கேட்டதில்லை. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்கிறவர்கள், விதவையையும் தகப்பனில்லாத பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், அந்நியனுக்கு நியாயம் கிடைக்கவிடாமல் செய்கிறவர்கள் ஆகியோருக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்ல வருவதாகக் கடவுள் அங்கே சொல்கிறார். தசமபாகம் வரவில்லை என்கிற புகார் அந்தக் குற்றப் பட்டியலின் தொடர்ச்சி. நெகேமியா 13-ஐ உடன் வைத்துப் படித்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். ஆலயத்தில் ஊழியம் செய்த லேவியருக்கும் பாடகருக்கும் சேர வேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. அவர்கள் பிழைப்புக்காக வயலுக்கு ஓடிப்போனார்கள். வேலை செய்தவர்களின் சாப்பாடு நின்றுபோயிற்று. தானியத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்னது அதற்காக. இந்த வசனத்தை நம் பிரசங்க பீடத்திலிருந்து முழங்கும்போது, ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு மாதம் என்ன கொடுக்கிறோம் என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும். எழுவதில்லை.

அடுத்தது உபாகமம் 14. தசமபாகம் பற்றி வேதத்தில் மிக விரிவாகப் பேசுகிற இடங்களில் ஒன்று. அங்கே என்ன இருக்கிறது? வருஷா வருஷம் விளைந்ததில் பத்தில் ஒன்றைப் பிரித்து, கடவுள் குறித்த இடத்துக்குக் கொண்டுபோய், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊர் தொலைவென்றால் விற்றுக் காசாக எடுத்துக்கொண்டு போகலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் ஆடோ மாடோ திராட்சரசமோ மனசுக்குப் பிடித்ததை வாங்கி, சந்தோஷமாகச் சாப்பிட வேண்டும். ஊரில் இருக்கும் லேவியனை விட்டுவிடக் கூடாது. மூன்றாம் வருஷம் அந்தப் பங்கை ஊரிலேயே சேர்த்துவைத்து லேவியனும் அந்நியனும் தகப்பனில்லாத பிள்ளையும் விதவையும் வயிறாரச் சாப்பிடச் செய்ய வேண்டும். தசமபாகம் கொடுத்தவனே பந்தியில் உட்கார்ந்திருக்கிறான்! நான் ஞாயிறு பள்ளியில் படித்த எந்தப் பாடத்திலும் இந்தப் பந்தி இல்லை.

தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கரும்பலகையே வேண்டாம். அசனம் என்னும் சபை விருந்து இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பண்டிகை முடிந்து அசனம் போடுகிற ஊர்களைப் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து அரிசி மூட்டை, ஒரு வீட்டிலிருந்து ஆடு, இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய், விறகு. பம்பாயில் வேலை பார்க்கிறவன் பணமாக அனுப்பியிருப்பான். கையில் ஒன்றும் இல்லாதவர் முந்தின ராத்திரி வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பிள்ளைகளுக்குப் பூண்டு உரிக்கிற வேலை. தோல் காற்றில் பறந்து தலையெல்லாம் வெள்ளையாக இருக்கும், கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரிப்பார்கள். காலையில் கிடாரத்திலிருந்து சோற்றை விரித்த பாயில் கொட்டுகிறபோது எழும் ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. பிறகு பந்தி. வர முடியாத கிழவிக்குத் தூக்குவாளியில் போகும். அதைத் தூக்கிக்கொண்டு போவதும் ஒரு சிறுவன்தான். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நம் சபைகளின் சாதிக் கதை நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உபாகமம் 14-க்கு இதைவிடக் கிட்டத்தில் நிற்கிற வேறொன்று நம்மிடம் இல்லை. அதைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, சிவப்பு வட்டத்தைத் தசமபாகம் என்று சொல்லித்தருகிறோம்.

லேவியராகமம் 27 இன்னும் வேடிக்கை. நிலத்தின் விளைச்சல், மரத்தின் கனி, ஆடு, மாடு இவற்றில்தான் பத்தில் ஒன்று. ஆடு மாட்டை எப்படிப் பிரிப்பது என்றும் அங்கே இருக்கிறது. கோலின் கீழ் ஒவ்வொன்றாகப் போகவிட்டு, பத்தாவதாக வருவதைப் பிரிக்க வேண்டும். நல்லதா நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது. அப்படியென்றால் ஒன்பது ஆடு மட்டும் வைத்திருந்தவன்? அவனிடம் பத்தாவது ஆடே இல்லை. ரூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போவாசின் வயலில் பொழுது சாயும்வரை கதிர் பொறுக்கினாள், தட்டியெடுத்தாள், அந்த வாற்கோதுமையைச் சுமந்துகொண்டு நேரே மாமியார் நகோமியிடம் போனாள். வழியில் நின்று பத்தில் ஒன்றை அளந்து கொடுத்ததாக ஒரு வரி இல்லை. உபாகமத்தின் கணக்கில் அவள் விதவை, அந்நியப் பெண். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள். நம் கணக்கில் அவள் பிள்ளையிடமும் ஒரு ரூபாய் கேட்போம்.

கேட்கத்தான் செய்கிறோம். ஒரே பெஞ்சில் பீடி சுற்றுகிற அம்மாவின் மகளும், தாய் தகப்பன் இரண்டு பேரும் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருக்கிற வீட்டுப் பையனும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்கு எப்போதாவது கையில் பத்து ரூபாய் கிடைக்கும், அவனுக்கு இருநூறு. அவளுடைய ஒரு ரூபாயில் ஒரு பென்சில் துண்டு போகும். அவனுடைய இருபதில் ஒரு சிப்ஸ் பாக்கெட் போகும். இரண்டும் பத்து சதவீதம்தானே, கடவுளுக்கு முன் சமம்தானே என்கிறார்கள். சதவீதம் சமம், வலி சமமில்லை. பத்தில் ஒன்று என்ற கோட்டைப் போட்ட உடனே வசதியுள்ள பையனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது: மீதி நூற்றெண்பதும் என்னுடையது, அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க முடியாது. கொடைக்கு உச்சவரம்பு கட்டுகிற இந்தப் பாடத்தை ஏழைப் பிள்ளை பாரமாகவும் வசதியான பிள்ளை விடுதலைப் பத்திரமாகவும் கற்றுக்கொள்கிறது. புதினாவிலும் சீரகத்திலும் கூட அளந்து பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மத்தேயு 23-இல் இருக்கிறது. தசமபாகம் கொடுப்பதை விடவும் வேண்டாம் என்று அவர் சேர்த்துச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. சொன்னது நியாயப்பிரமாணத்தின் கீழ் இருந்த பரிசேயரிடம். எட்டு வயதுப் பிள்ளையிடம் அல்ல.

"சரி, திருப்பித் தருவார் என்கிற பேச்சை விட்டுவிடுவோம். ஒழுக்கத்துக்காக, ஒரு பழக்கமாக மட்டும் சொல்லித்தரலாமே?" இது நியாயமான கேள்வி. மறுதரப்பின் பலமான வாதமும் இதுதான். இதற்குப் பதில் சொல்ல ஆலய வாசலுக்குப் போக வேண்டும்.

ஞாயிறு காலை வாசலில் நின்று பாருங்கள். அம்மா கைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுகிறாள். "பையில் போடணும், தொலைச்சிராதே." பிள்ளை அதை வியர்க்க வியர்க்கப் பிடித்துக்கொண்டு பாட்டு, ஜெபம், கதை எல்லாம் முடியும்வரை காத்திருக்கிறது. பை வருகிறது, போடுகிறது, கை லேசாகிறது. இங்கே கொடுத்தது யார்? அம்மா. பிள்ளை செய்தது தபால்காரர் வேலை. கொடுப்பதென்றால் தன்னுடையதாக இருந்த ஒன்று தன்னை விட்டுப் போக வேண்டும், போனது எங்கே என்று தெரிய வேண்டும். இந்த நாணயம் பிள்ளையுடையதாக இருந்ததும் இல்லை, எங்கே போனதென்று அதற்குத் தெரியப்போவதும் இல்லை. இதை வருஷக்கணக்கில் செய்தால் பழக்கம் வரும், சரி. பையைக் கண்டால் கையை நீட்டுகிற பழக்கம் வரும்.

அதற்கும் மேலே வருகைப் பதிவேடு. பெயருக்கு எதிரே வருகை, மனப்பாட வசனம், காணிக்கை என்று கட்டங்கள். வகுப்பு வாரியாக மொத்தம் போட்டு, எந்த வகுப்பு அதிகம் என்று வாசிக்கிற இடங்களும் உண்டு. ஜெயித்த வகுப்பு கைதட்டுகிறது. இடது கைக்குத் தெரியாமல் வலது கை கொடுக்கச் சொன்னவரின் பள்ளி இது. அறுப்பின் பண்டிகை ஏலம் இதே பாடத்தின் பெரியவர்கள் வகுப்பு. ஒரு தரம், இரண்டு தரம் என்று ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏறும். யார் எடுத்தார் என்று மைக்கில் பெயர் முழங்கும். அதை வீட்டுத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பையனின் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். ஏலம் விடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை, அந்த நேரத்துக் குஷி எனக்கும் பிடிக்கும். கொடையைப் பற்றிப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டு போவது என்ன என்றுதான் கேட்கிறேன்.

திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சுக்கு வருவோம். அதை விட்டுவிடுவதாகச் சொன்னவர்களும் சாட்சி நேரத்தில் விடுவதில்லை. "தசமபாகம் கொடுக்க ஆரம்பித்த மாதமே வேலை கிடைத்தது" என்று ஒருவர் மைக்கில் சொல்லும்போது, வேலை போன அப்பாவின் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அப்பாவும் கொடுத்தவர்தான். பிள்ளைக்கு இரண்டு முடிவுதான் மிச்சம்: கடவுள் சொன்ன சொல் காக்கவில்லை, அல்லது அப்பா ஏதோ தப்புச் செய்திருக்கிறார். கடவுளைச் சீட்டுக் கம்பெனி ஆக்கிவிட்டால் தவணை வராத வீட்டுப் பிள்ளையின் கதி இதுதான்.

இந்த லாபப் பேச்சு கொடுக்கிற மனதை வளர்க்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. ஜெர்மனியில் வார்னக்கன், டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2008-இல் வெளியானது. பெரியவர் கைக்கு எட்டாமல் விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்க அந்த வயதிலேயே குழந்தைகள் தாமாக ஓடிவருகிறார்கள். எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், பிறகு பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். பரிசுப் பொருளுக்குச் சொன்னது வானத்து ஆசீர்வாதத்துக்கும் அப்படியே பொருந்துமா என்று வாதாடலாம். ஆனால் பிள்ளை இயல்பாகவே கஞ்சன், வளைத்தால்தான் வளையும் என்கிற நம் பழமொழி விளக்கம் அங்கே அடிபட்டுப் போகிறது. தின்பண்டத்தைக் கடித்துப் பாதியை நம் வாயில் திணிக்கிற குழந்தையைப் பார்த்த யாருக்கும் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இனி ஞாயிறு பள்ளியின் கதைகள். ஏழை விதவையின் இரண்டு காசு இல்லாமல் காணிக்கைப் பாடம் கிடையாது. மாற்கு 12-இன் கடைசியில் வருகிற அந்தக் கதைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைப் பற்றிய எச்சரிக்கை. நேர் கீழே, 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில்? அந்த ஆலயம் கல்லின் மேல் கல் இராதபடி இடிந்துபோகும் என்ற அறிவிப்பு. விதவைகளை விழுங்குகிறார்கள் என்று சொன்ன கையோடு, தன் பிழைப்புக்கு இருந்த எல்லாவற்றையும் ஒரு விதவை போட்டுவிட்டுப் போவதை இயேசு சீடர்களுக்குச் சுட்டிக்காட்டுகிறார். அவளுடைய மனதைப் புகழ்கிறார் என்பதில் சந்தேகமில்லை. அவளை அந்த நிலையில் விட்டுவைத்து அவளிடமும் வாங்கிக்கொண்ட ஆலயத்தைப் புகழ்ந்தாரா? இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்கிறவர், அந்த விதவை அன்று ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வார்? இருந்ததெல்லாம் போட்டவளைக் காட்டிப் பத்தில் ஒன்று கேட்பதும் எனக்குப் புரியாத கணக்கு.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் இன்னொருவன். நான்கு சுவிசேஷங்களிலும் அந்த அற்புதம் இருந்தாலும் பையன் யோவானில் மட்டும்தான் வருகிறான். அங்கேயும் அந்திரேயா அவனைச் சுட்டிக்காட்டுகிறான், அவ்வளவே. அவன் மனமுவந்து ஓடிவந்து கொடுத்தான் என்பது நாம் ஃபிளானல் பலகையில் ஒட்டிச் சேர்த்தது. அதிலாவது ஒரு அழகு உண்டு: கொடுத்த பையனும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான். அனனியா சப்பீராள் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நிலம் விற்கும் முன் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் இஷ்டத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறான். கொடாமல் இருந்திருக்கலாம் என்கிறான். குற்றம் பொய். காணிக்கை குறைந்தது அல்ல.

பள்ளிக்கூட ஃபீஸ் பணத்தைக் கட்டட நிதியில் போட்ட பையன், அற்புதமாக ஃபீஸ் கட்டப்பட்ட கதை என்று ஒரு ரகம் கன்வென்ஷன் மேடைகளில் உலவுகிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று கடவுள் பெயருக்கு எழுதிவிட்டுக் கை கழுவியவர்களை மாற்கு 7-இல் இயேசு என்ன சொன்னார் என்று அந்த மேடைக்காரர்கள் ஒருமுறை வாசிக்கலாம். பிள்ளைகள் பெற்றோருக்குச் சேர்த்துவைக்க வேண்டியதில்லை, பெற்றோர்தான் பிள்ளைகளுக்குச் சேர்க்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் பணத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில்தான்.

ஆதிச் சபை எப்படி இருந்தது? 155-ஐ ஒட்டி ரோமில் எழுதிய ஜஸ்டின், வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் தாங்கள் தீர்மானித்ததைக் கொடுத்தார்கள் என்கிறார். அது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்களுக்குப் போயிற்று. கார்த்தேஜில் தெர்த்துல்லியன் சொல்வதும் இதுவே, கட்டாயம் கிடையாது. திதாகே என்ற பழைய சபை ஒழுங்கு நூல் முதற்பலனைத் தீர்க்கதரிசிக்குக் கொடுக்கச் சொல்கிறது, தீர்க்கதரிசி இல்லாவிட்டால் ஏழைகளுக்கு. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்குப் பணம் கேட்கிறவன் பேச்சைக் கேளாதே என்றும் அதே நூல் சொல்கிறது! தசமபாகம் கட்டாயமானது பிற்பாடு. 585-இல் மாக்கோன் சங்கத்தில் கொடாதவனைச் சபையிலிருந்து விலக்குவோம் என்று பிஷப்புகள் தீர்மானித்தார்கள்; பிறகு அரசர்கள் சட்டமாக்கினார்கள். இங்கிலாந்தில் அது நிலத்தின் மேல் ஏறிய வரியாகவே நின்று, 1836-இல் பணமாக மாற்றப்பட்டு, 1936-இல் ஒழிக்க ஏற்பாடாயிற்று. அயர்லாந்தில் கத்தோலிக்க விவசாயிகள் தங்களுடையதல்லாத ஆங்கிலிக்கன் சபைக்கு அதைக் கட்ட வேண்டியிருந்ததால் 1830-களில் ரத்தம் சிந்தியது. இவ்வளவு வரலாறும் உள்ள ஒன்றை, பிள்ளையிடம் ஆபிரகாமில் தொடங்கி நேரே நம் காணிக்கைப் பையில் முடிகிற கதையாகச் சொல்வது நாணயமில்லை. அந்த ஆபிரகாமும் போர்க் கொள்ளையில் பத்தில் ஒன்றை மெல்கிசேதேக்குக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் ஒரு செருப்பு வாரைக்கூடத் தனக்கென்று எடுக்க மறுத்தவன்.

உடனே அசரியாவைக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும், எனக்கும் அவரைப் பிடிக்கும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1903-இல் திருநெல்வேலிச் சபையார் வெள்ளைக்காரர் பணமில்லாமல் தாங்களே நடத்த இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியதில் முன்நின்றவர். 1912-இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனவர். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதியவர். தெலுங்கு நாட்டின் பரம ஏழை மாலா, மாதிகா மக்களும் கொடுக்கலாம், கொடுப்பது அவர்களுக்குக் கௌரவம் என்று நம்பினார். அது உண்மை. அதே அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகள் நிறையக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற பொருளில் பேசி மேல்நாட்டாரை நெளியவைத்தார். வாங்குகிற இடத்தில் இருந்தவர் சொன்ன வார்த்தை அது. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரையொருவர் அறியாமல் பணம் மட்டும் கைமாறினால் போதாது என்பதை நம் பக்கத்து ஊர்க்காரர் உலகத்துக்குச் சொல்லி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நம் ஞாயிறு பள்ளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கொடுப்பதைப் பிள்ளை எப்படிக் கற்கும் என்பதற்குப் பிடியரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலை வைக்கும் முன் அம்மா ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சதவீதம் சொல்லித்தர வேண்டியதில்லை. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபை நூறாண்டுக்கு மேலாக இந்த ஒரு பிடியால் எவ்வளவோ கட்டியெழுப்பியிருக்கிறது. அந்த ஒரு பிடி குடும்பத்தின் சாப்பாட்டிலிருந்து போகிறது, பிள்ளையின் தட்டிலிருந்தும்தான். பிள்ளை கண்ணெதிரே போகிறது.

பிள்ளைகள் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரிக்க வேண்டாம். 1844-இல் தென்கடல் தீவுகளுக்குப் போன 'ஜான் வில்லியம்ஸ்' என்ற மிஷனெரிக் கப்பல் இங்கிலாந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் காசில் வாங்கப்பட்டது. ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். அந்தக் காலத்து மிஷன் மனப்பான்மையில் எனக்குச் சண்டை உண்டு, அது வேறு. தன் காசு கப்பலாகியிருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நம் பிள்ளையின் காசு என்ன ஆகிறது? சேகரப் பொதுக் கணக்கில் ஒரு வரி ஆகிறது. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டிய பவுல், ஒருவரும் குறைசொல்ல இடமில்லாதபடி சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். அப்போஸ்தலன் என்பதால் நம்புங்கள் என்று சொல்லவில்லை. ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் க்ளோஸ்டரில் ஞாயிறு பள்ளி தொடங்கியதும் வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கத்தான், அவர்களிடம் வாங்க அல்ல.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆயர் சம்பளம், கரண்ட் பில், பழுதுபார்ப்பு எல்லாம் எங்கிருந்து வரும் என்பார்கள். பெரியவர்களிடமிருந்து. நாங்கள் சம்பாதிக்கிறோம், எங்கள் சபை, எங்கள் செலவு. அதைப் பெரியவர்களிடம் நேரே கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகளைப் பழக்குகிறோம் என்ற பெயரில் சுற்றிவளைக்க வேண்டாம். ஞாயிறு பள்ளிக் காணிக்கை சேகர வரவில் எத்தனையில் ஒரு பங்கு என்று உங்கள் பொருளாளரிடம் கேட்டுப்பாருங்கள். அது நின்றுபோனால் எந்த ஆலயமும் இடிந்துவிடாது.

அடுத்த சேகரக் கமிட்டியில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். ஞாயிறு பள்ளிக் காணிக்கை பொதுக் கணக்கில் சேரக் கூடாது. பதிவேட்டில் காணிக்கைக் கட்டம் இருக்கக் கூடாது. பணத்தை எங்கே செலவழிப்பது என்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்து, அவர்களே போய்க் கொடுத்து, செலவை அவர்களே எழுதிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் வகுப்புத் தோழிக்குப் பழம் வாங்கலாம், கோயில்பிள்ளைக்குப் பண்டிகைச் சேலையோ வேட்டியோ எடுக்கலாம், அசனத்துக்கு ஒரு மூட்டை பூண்டு வாங்கி அவர்களே உட்கார்ந்து உரிக்கலாம். தீர்மானத்தை எதிர்த்து முதலில் எழுந்து நிற்பவர், "சின்னப் பிள்ளைகளுக்குப் பண விஷயம் என்ன தெரியும்?" என்றுதான் கேட்பார். அதே பிள்ளைகளிடம் பத்து சதவீதம் கேட்டபோது இந்தச் சந்தேகம் ஏன் வரவில்லை என்று அங்கேயே அவரிடம் கேளுங்கள்.